லேபிளில் என்ன பூ

அச்சுக்கடைக்காரர் கேட்கிறார்:
லேபிளில் என்ன பூ போட?
தாமரை இருக்கிறது, சூரியகாந்தி இருக்கிறது,
ஏதோ ஒரு ஜப்பான் பூகூட இருக்கிறது.

மார்த்தாண்டம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மின்விசிறி சுற்றாத கடை.
ரப்பர் இலை போடுங்கள் என்கிறேன்.
இலையில் இருந்தா தேன் வரும், சிரிக்கிறார்.

வரும்.
தை பிறந்தால் மரம் மொத்தமாய் உதிர்த்துவிட்டு
எலும்பாய் நிற்கும்.
பிறகு செம்பு நிறத்தில் தளிர்.
காம்பும் மூன்று இலையும் சேரும் முடிச்சில்
குண்டூசித் தலையளவு ஈரம்.
நாக்கை வைத்துப் பார்த்திருக்கிறேன்.
பூவுக்குக் காத்திராமல்
கணுவிலேயே இனித்துவிடுகிற மரம்.

அறுபத்திரண்டு பெட்டி.
குழுக்கடனில் நாற்பது, வளையலில் இருபத்திரண்டு.
அந்தி சாய்ந்து கடைசி ஈயும் உள்ளே போனபின்
வாசலில் வலை கட்டி டெம்போவில் ஏற்றினோம்,
நானும் ஸ்டெல்லாபாயும்.

களியக்காவிளையில் கை காட்டினார்கள்.
எந்தா இதில்?
ஈ என்றேன்.
எத்ர எண்ணம்?
ஸ்டெல்லாபாய் என் விலாவில் இடிக்கிறாள்.
பத்து லட்சம் இருக்கும் சாரே, கூடக் குறைய.
ரசீது இல்லை.
டார்ச்சோடு ஏறியவர் ஒரு பெட்டியில் காதை வைத்தார்.
வைத்தவர் எடுக்கவில்லை.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.
இறங்கும்போது தொப்பி கையில் இருந்தது.
பொய்க்கோ என்றார், மெல்ல,
பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல.

பாலோட்டில் குஞ்ஞச்சன் முதலாளியின் பன்னிரண்டு ஏக்கர்.
பெட்டிக்கு ஒரு கிலோ தேன் வாடகை.
அங்கே பால் வெட்டுகிறவன்
ஜார்க்கண்டில் இருந்து வந்த புதுவா ஓராவ்.
நெற்றியில் விளக்கு கட்டி மரம் மரமாய்ப் போவான்.
என் பெட்டிகளைச் சுற்றி நடப்பான், குறுக்கே நடக்கமாட்டான்.
அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது, பாஷையும் கிடையாது.

மாசியில் ஒருநாள் விடியற்காலை மூன்றுக்குப் போன்.
தீதி, ஆஜ் கந்தக்.
ஆஜ் என்றால் இன்று, அது பிறகு தெரிந்தது.
கந்தகம் அப்போதே புரிந்தது.
தளிரில் சாம்பல் நோய் விழாமலிருக்க
மிஷின் வைத்து ஊதுவார்கள், மஞ்சளாய்.
மரத்துக்கு அது மருந்து.

அந்நேரம் பஸ் ஏது.
ஸ்டெல்லாபாயின் ஸ்கூட்டியில்
நெடுமங்காடு தாண்டும்போதே வெளுத்துவிட்டது.
நாங்கள் போய் நிற்கையில்
தலைமுடியில் தூள் இறங்கியது.
அறுபத்திரண்டு வாசலும் அடைத்திருந்தன.
தன் லுங்கியைக் கிழித்துச் செருகியிருந்தான்.
நாற்பதுக்குத்தான் வந்தது லுங்கி.
மீதிக்கு ஈரமண்.
அரைநாள் பால் வெட்டாததை
முதலாளி கூலியில் பிடித்தார்.

மண் பூசியதில் நான்கு பெட்டி
மூச்சு முட்டிப் போயிற்று.
அடித்தட்டில் இருந்து இரண்டு கையாலும் அள்ளினேன்,
கடுகைவிடக் கனமில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.
எந்தப் பாஷையிலும்.
புது லுங்கி வாங்கிக் கொடுத்தேன்.
நிறம் பிடிக்கவில்லை என்று கையால் காட்டினான்.
மாற்றிக் கொடுத்தேன்.

இந்தத் தேன் சீக்கிரம் உறையும்.
சீனி கலந்தது என்று நாகர்கோவில் கடை திருப்பி அனுப்பும்.
ஐப்பசி மழையில், ஒன்றும் கிடைக்காத நாளில்,
ஈக்குச் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றுகிறவள்தான் நான்.
அந்தக் கணக்கு வேறு.
அதை லேபிளில் எழுத இடமில்லை.

இலை போட்டால் கீரை என்று நினைப்பார்கள் அக்கா,
அச்சுக்கடைக்காரருக்கு நேரமாகிறது.
தாமரையே வைக்கவா?

பூ வேண்டாம்.
ஓரம் முழுக்கக் கட்டம் போடுங்கள்,
நீலமும் பழுப்பும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

லுங்கி மாதிரி ஆகிவிடுமே என்கிறார்.

ஆகட்டும்.
ஆயிரம் வேண்டாம்,
எண்ணூறு போடுங்கள்.