எண்பத்தைந்தாவது சட்டகம்

முதலில் குறிப்பு, பிறகுதான் ஏடு.
தரவுத்தளத்துக்கு அதுதான் சட்டம்.
எதை எழுதப்போகிறதோ
அதைப் பக்கத்துக் கோப்பில் முன்கூட்டி எழுதிவைக்கும்,
மின்னல் வந்தால் சாட்சிக்கு.

மின்னல் வந்தது.
வியாழன் பின்னேரம் நாலு இருபதுக்கு,
பொகவந்தலாவைக்கு மேலே, கீழ்ப்பிரிவுக் கொழுந்து மடுவத்தில்,
நாற்பத்து மூன்றாவது சாக்கு
தராசில் தொங்கிக்கொண்டிருந்தபோது.

மறுநாள் டெனிஸ்டன் பெரிய கோப்பை மட்டும்
பென் டிரைவில் கொப்பி பண்ணிப்போனார்.
கூடவே கிடந்த சின்னக் கோப்பு
குப்பை என்று நினைத்தாராம்.
செக்ரோலில் அந்தப் பின்னேரமே இல்லை.
நாற்பத்து மூன்று பேருக்கும் அரைப்பேர்.

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
பாண் வேகும் வாசத்தில் உட்கார்ந்து
சி மொழியில் நூற்றுப் பத்து வரி எழுதினேன்.
கோப்பைத் திற.
முப்பத்திரண்டு பைட் தலைப்பைப் படி.
அது எண்ணைப் பெரிய முனையிலிருந்து எழுதும்;
என் மடிக்கணினி சின்ன முனையிலிருந்து வாசிக்கும்.
நாலு பைட்டைப் புரட்டிப்போட மறந்த முதல் ஓட்டத்தில்
பக்கத்தின் அளவு பத்து இலட்சத்துக்கு மேல் என்றது.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறுதான்.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

பிறகு ஒவ்வொரு சட்டகத்துக்கும் இருபத்து நாலு பைட்:
எந்தப் பக்கம், முடிந்ததா, இரண்டு உப்பு, இரண்டு கூட்டுத்தொகை.
உப்பு என்றுதான் அதற்குப் பெயர்.
ஒரே உப்பைத் தின்றவை ஒரே வீட்டுச் சட்டகங்கள்.
உப்பு மாறினால் பழைய மிச்சம்.
எண்பத்தைந்துக்கு அப்பால் செப்டம்பர் மாதம் கிடந்தது,
அழியாமல், செல்லாமல்,
கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்ட ஒருத்தியின்
ஒன்பது கிலோவோடு.

ஒரு நிறுவைக்கு இரண்டு பக்கம் மாறும்.
முதல் சட்டகத்தில் முடிவிடம் சுழியம்,
இரண்டாவதில்தான் முடிந்தது என்ற எண்.
நாற்பத்திரண்டு பெண்கள், எண்பத்து நாலு சட்டகம்.
எல்லாம் கூட்டிச் சரி.
நாற்பத்திரண்டு பேரின் பின்னேரமும்
ஒவ்வொரு வரியாகத் திரையில் ஏறியது.

எண்பத்தைந்தாவது தனியாக நின்றது.
அதன் இரண்டாவது பக்கம் வருவதற்குள் கரண்ட் போயிருந்தது.

பதினாறடிமான எண்களில் தமிழைக் கண்டுபிடிப்பது இலேசு:
மூன்று பைட்டுக்கு ஒரு தடவை
ஈ-சுழியம் என்று தலைகாட்டும்.
இருபத்தேழு பைட்டில்
சந்தனமேரி.
சற்றுத் தள்ளி ஒரே ஒரு பைட், எழுபத்தொன்று.
பத்தடிமானத்தில் நூற்றுப் பதின்மூன்று.
தசம் போட்டால்
பதினொன்று தசம் மூன்று கிலோ.

காலையில் அவள் எடுத்தது ஏழு தசம் இரண்டு.
இரண்டும் சேர்ந்தால் பதினெட்டரை.
முழுப்பேருக்குப் பதினெட்டு போதும்.

விதி தெரியும் எனக்கு.
முடிவெழுதாதது நடக்காதது.
நானே எழுதிய வரி அது:
முடிவிடம் சுழியம் என்றால் விட்டுவிடு.
அந்த வரியை எடுத்தேன்.
செப்டம்பரின் பேய்கள் எல்லாம் எழுந்து வந்தன.
திரும்பவும் போட்டேன்.
பிறகு கீழே இன்னொன்று:
உப்புச் சரி, கூட்டுத்தொகை சரி, முடிவு மட்டும் இல்லையென்றால்
தனிக் கோப்பில் எழுது.

தோட்டத்து ஒப்பீசில் டெனிஸ்டன் கேட்டார்,
"இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க மிஸ்."
தராசு கண்டது, ஏடு காணவில்லை என்றேன்.
"அப்ப என்னன்னு எழுதுறது?"
கண்டதை எழுதுங்கள் என்றேன்.
என் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.
துரையிடம் கேட்கவேண்டும் என்று
பேனையை மூடி வைத்தார்.

வெளியே, மடுவத்து வாசலில்,
சாக்கை உதறிக்கொண்டிருந்தவளிடம் தாளைக் காட்டினேன்.
தலையைச் சாய்த்து எண்ணை மட்டும் பார்த்தாள்.
"பதினொண்ணு மூணு" என்றாள்.
"செவப்பு எழுத்துல ரெண்டு தரம் மின்னிச்சு.
அதுக்குப் பொறகுதான் இருட்டு."

ரெண்டு தரம்.
அதை எந்தப் பைட்டிலும் நான் படிக்கவில்லை.