கயித்தான், த/பெ

தாலுகா ஆபீசில் கேட்டது ஒரேயொரு தேதி.
பூட்டன் கயித்தான் என்றைக்குச் செத்தார்?
வேதாளையில் பதினொரு பனை நிற்கும்
முப்பது சென்ட் மணல்
இன்னும் அவர் பேரில்தான் கிடக்கிறது.

குடித்தால் மட்டும் சித்தப்பா சொல்லுவார்:
"நம்ம பூட்டன் சாவாத ஆளு."
மனுவில் அதை எழுதக் கட்டம் இல்லை.

மண்டபம் முகாமின் பழைய பேரேட்டைக்
கயிறு அவிழ்த்துத் தந்தார்கள்.
கறையான் ஏற்கெனவே படித்திருந்தது.
ஊர்ப்பெயர்களில் அதற்கு ருசி அதிகம் போலும்.
இலங்கைக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்:
தகர வில்லை எண், பெயர், வயது,
உடம்பில் அடையாளம், போகும் தோட்டம்.
ஒரு விரலை வைத்து
மூன்று நாள் கீழே இறங்கினேன்.

2217. கயித்தான். இருபத்திரண்டு.
வலது புருவத்தில் தழும்பு.
கடைசிக் கட்டத்தில் சிவப்பு மை:
காலரா, 9 நவம்பர் 1923.
சுண்ணாம்பு அரை மூட்டை, ஆறணா.

தேதி கிடைத்துவிட்டது.
நகல் எடுத்து, முத்திரை குத்தி வாங்கி,
பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்தேன்.
பாதி டீயில்தான் உறைத்தது:
தாத்தா பிறந்தது இருபத்தொன்பதில்.

கோயில்பிள்ளை பஸ்தியான்
பீரோ சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார்.
ஞானஸ்நானப் பதிவேடு, தோல் அட்டை,
உள்ளே முழுக்க இலத்தீன்.
எனக்கு இலத்தீன் தெரியாது. அவருக்கும்தான்.
ஆனால் எந்தச் சொல்லுக்கு அடுத்து
அப்பன் வருவான் என்று
நாற்பது வருஷ வாரிசுச் சண்டைகள்
அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன.

"இது பிள்ளை. இது அப்பன். இது ஆத்தா."
பிள்ளை, சூசைமுத்து.
ஆத்தா, பிரகாசி.
அப்பன், கயித்தான்.
செத்து ஆறு வருஷமானவர்
தலைச்சன் பிள்ளையைத்
தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கி வந்திருக்கிறார்.

பஸ்தியான் ஒன்றும் பேசவில்லை.
எச்சில் தொட்டுப் பின்னால் புரட்டினார்.
1901: கயித்தான், பவுலுவுக்கும் விசேந்திக்கும் மகன்.
வேறொரு புத்தகம், கல்யாணங்கள்.
1926: கயித்தான். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கோடு.
பவுலுவின் பெயர் தெரியாத சாமியாரா?
அந்தக் கோட்டை மிக நிதானமாகப் போட்டிருக்கிறார்,
அடிமட்டம் வைத்து.

கீழே சாட்சி:
விசேந்தி, பவுலுவின் கைம்பெண்.
இடது பெருவிரல் ரேகை.
மை அதிகமாகி
கடலோரத்துக் கால்தடம் போல விளிம்பு ஊறியிருக்கிறது.

ராத்திரி, நகலை மறுபடி விரித்தேன்.
2217-க்கு அடுத்த வரியை
மூன்று நாளும் நான் வாசிக்கவேயில்லை.
2218. பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.
ஊர் இருந்த இடத்தில் அதே ஓட்டை.
வயது இருபது. அடையாளம்: இல்லை.
கடைசிக் கட்டம்: முகாமிலிருந்து ஓடிப்போனான்.

முகாமிலிருந்து வேதாளைக்கு
மணல் வழியாக ரெண்டு மணி நேர நடை.
கையில் ஒரு தகர வில்லை இருந்திருக்கலாம்.
ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டிய சேதியும்.
சொன்னானா, அல்லது
சொல்லும் முன்பே அவள் சோறு போட்டுவிட்டாளா,
எந்தப் பதிவேட்டில் தேட?

அவன் செத்த தேதியும் இல்லை.
அடக்கப் புத்தகத்தை
அறுபத்துநாலு புயல் கொண்டுபோய்விட்டது.
சித்தப்பா சொன்னது சட்டப்படி சரி.

முதல் தேதியைக் கொடுத்தால் தாத்தா வாரிசில்லை.
ரெண்டாவதைக் கொடுக்கத் தேதியே இல்லை.
மனு என் பையில் மடிந்தே இருக்கிறது.
மணலுக்கு அவசரமில்லை, பனைக்கும்.

பஸ்தியானிடம் ஒன்றுதான் கேட்டேன்:
"அரை மூட்டைச் சுண்ணாம்புக்குள் கிடக்கிறாரே,
அவர் எனக்கு என்ன முறை வேணும்?"

பீரோவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து,
வெளியே காற்றைக் கவனித்தார்.
"கச்சான் ஏறுது" என்றார்.
பிறகு, வாசல் வரை வந்து,
"நவம்பர் ஒம்பதுக்கு
ஒரு பூசை எழுதட்டுமா? பேரு என்ன போட?"