வாங்கும் விலை, விற்கும் விலை

உப்புவெளிச் சந்தியில் டைவிங் கடைக்கும்
பாமசிக்கும் நடுவே எட்டடி அகலம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஒரு மின்விசிறி,
நோட்டு எண்ணும் மெஷின்,
அது பிழைத்தால் என் கட்டைவிரல்.
காலை ஒன்பதுக்கு அஸ்வர் முதலாளி போனில் சொல்வார்,
பலகையில் எழுதுவேன்:
வாங்குவது இவ்வளவு. விற்பது இவ்வளவு.
இரண்டு இலக்கத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளையில்தான்
கடை வாடகை, கரண்ட் பில், என் சம்பளம்.
"கமிஷன் இல்லை" என்று வாசலில் ஒட்டியிருப்பது
பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

வெள்ளைக்காரப் பெடியன் போனை நீட்டுவான்,
இதில் இரண்டு ரூபா கூடக் காட்டுதே என்று.
காட்டும் தம்பி. அது நடுக்கடல் விலை.
கரைக்கு வந்த பிறகு
எந்த வள்ளக்காரன் அந்த விலைக்குப் பாரை தருவான்?
என் இங்கிலீசில் இது இவ்வளவு வடிவாக வராது.
"போன் பிரைஸ், நோட் பிரைஸ், டிஃபரன்ட்" என்பேன்.

கிழிந்த டொலர் எடுப்பதில்லை. பேனை கீறியதும் இல்லை.
நூறு டொலர்த் தாளுக்கு ஒரு விலை,
ஒற்றை டொலருக்கு அதைவிடக் குறைவு;
சின்னத் தாளுக்கு எங்கேயும் மரியாதை இல்லை.
சில்லறை ஒருவரும் மாற்றித் தரமாட்டார்கள்.
போகிறவர்கள் விட்டுப்போனது ஹோர்லிக்ஸ் போத்தலில்,
பதினேழு நாட்டு ராசாக்களும் பறவைகளும்
ஒன்றின்மேல் ஒன்றாய் மூச்சுமுட்டி.

அந்த ஒரு வருஷம் மட்டும்
ஒன்பதுக்கு எழுதியதைப் பத்தரைக்கு அழித்தேன்,
பிறகு மத்தியானம், பிறகு மூன்று மணிக்கு.
பெற்றோல் வரிசையில் நின்ற சனம்
பலகையை வந்து வாசித்துவிட்டுத் திரும்பிப் போனது
மழை வருமா என்று பார்ப்பது போல.

திருச்சியில் கலியாணம்.
தொண்ணூறில் வள்ளம் ஏறிய சித்தியின் மகள்,
முகாமில் பிறந்த கோகுலவாணி.
முதன்முதலாக நான் ஒரு வெளிநாடு போகிறேன்.
விமான நிலையத்தில், எல்லாம் தெரிந்தவளின் நடையோடு
பலகை முன்னால் போய் நின்றேன்.
டொலர், யூரோ, திர்ஹம், ரிங்கிட்.
மேலிருந்து கீழே வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலே.
"இலங்கைக் காசா? எடுக்கிறதில்லைங்க."
அதே தமிழ். அதே ரூபாய் என்ற சொல்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இவ்வளவு குளிரும் என்று தெரியாது எனக்கு.
நல்லவேளை, கைப்பையில் ஐம்பது டொலர் இருந்தது,
முதலாளி வாங்கும் விலைக்கே எனக்கு விற்றது.

எல்லாவற்றையும் மூன்றரையால் பெருக்கினேன்:
தேத்தண்ணி, ஆட்டோ, மல்லிகைச் சரம்.
தாலி கட்டும் நேரம்கூட
மேளக்காரரின் கூலியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் எப்போதோ நின்றுபோயிருந்தது.

பந்தி முடிந்த இரவு கேட்டாள்,
"அக்கா, ஊர்க்காசு ஒண்ணு காட்டுங்க."
ஒரு நூறு எடுத்துக் கொடுத்தேன்.
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்
நான் டொலரைப் பிடிப்பது போலவே.
"இதுக்கு அங்க என்ன வாங்கலாம்?"
விலை சொல்வது என் தொழில். ஆனாலும் யோசித்தேன்.
"திருமலை பஸ் ஸ்ராண்டில் ஒரு பிளேன்ரீ, ஒரு வடை.
மான் ஒன்று வந்து பக்கத்தில் நிற்கும்.
அதுக்கும் ஒரு துண்டு."
"மானா? பஸ் ஸ்டாண்டுலயா?"
நோட்டை மடிக்காமல்
வெறும் மொய்க்கவர் ஒன்றுக்குள் வைத்தாள்.

இப்போது தினமும் ஒன்பதேகாலுக்கு அவளுடைய மெசேஜ்:
என் நூறு இன்னிக்கு எவ்வளவு?
இருபத்தெட்டு, என்று அனுப்புகிறேன்.
நேற்று இருபத்தெட்டரை.
ஐயோ, என்று ஒரு சிரிப்புப் பொம்மை.

வடை எண்பதாகிவிட்டதை
இன்னும் சொல்லவில்லை.