படு என்பதற்கு அங்கே வேறு சொல்

கூடாரப் பையில் ஒரு கம்பி குறைந்தது.
ஐஃபானின் தூண்டில்கோலை ஊன்றி நிறுத்தினேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பதின்மூன்று வயதில்
ஒன்றும் சொல்லாமலிருப்பது ஒரு முழு வாக்கியம்.

நாய் காரைவிட்டு இறங்க மறுத்தது.
இறங்கு என்றேன். பிஸ்கட் காட்டினேன்.
இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல்
என் தோளுக்குப் பின்னால் பார்த்தது.
யூர்வென் வந்து ஒரு சொல் சொன்னாள்.
துணிமூட்டை சரிவதுபோல் இறங்கியது.

மோட் அதன் பெயர்.
எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்
குட்டியாய் வாங்கிவந்து
வெல்ஷில் மட்டுமே பேசி வளர்த்த நாய்.
அவர் இப்போது அபெரிஸ்ட்வித்தில்
வேறொருத்தியோடு பாதிப் படகுக்குச் சொந்தக்காரர்.
போகும்போது கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டார்
சொற்களை நாயிடம் விட்டுவிட்டார்.
நான் வால்சால்காரன்.
அந்த மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
வளைவுதோறும் தார்ச்சாலையில்
வெள்ளையாய் எழுதியிருக்கும் ஒன்றுதான்:
அரவ். மெதுவாக.

முதல் நாள் மழை.
இரண்டாம் நாள் மழைக்கு நடுவே
மழை இல்லாததுபோல் ஒரு கால் மணி நேரம்.
மாப்லி நத்தைகளை எண்ணி
டிபன் டப்பாவின் மூடியில் குறித்துவைத்தாள்.
அடுப்புக்கு வாங்கிய காஸ் உருளை
அடுப்பின் வாயில் பொருந்தவில்லை.
குளிர்ந்த பீன்ஸைத் தின்றபடி
"நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள் யூர்வென்,
அதை என்னிடம் சொன்னாளா
வயலிடம் சொன்னாளா தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை
வாளியோடு ஓடைக்குப் போனேன்.
படலைச் சாத்தினேனா?
சாத்தினேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.
சரிவில் கறுப்பாய் ஒரு கோடு கிழிந்தது.
அதன் முன்னால் மேகம் மேகமாய்ச் செம்மறிகள்.
மேட்டுக்கு மேல் ப்ரைஸின் நான்குசக்கர வண்டி,
அதன் பின்னால் கட்டியிருந்த
நீளமான ஏதோ ஒன்று.
அது மண்வெட்டியாகவும் இருக்கலாம்.

"மோட்!" என்றேன்.
"வா!" என்றேன், "நில்!" என்றேன்,
கெஞ்சினேன், விசிலடித்தேன்.
காற்றைக் கூப்பிட்டிருந்தால் அதுவாவது திரும்பியிருக்கும்.
பிறகு, ஒரு காலில் செருப்போடு
மறு காலில் சேற்றோடு
மலையே கேட்கும்படி கத்தினேன்:

அரவ்! அரவ்!

செம்மறிகளைத் துரத்தும் நாயிடம்
சாலை விதியைக் கத்திக்கொண்டு
ஓடிவரும் ஒரு மனிதனை
அதுவரை அந்தப் பள்ளத்தாக்கு பார்த்ததில்லை.

எனக்குப் பின்னால் வினோதமாய் ஒரு சத்தம்.
யாருக்கோ விக்கல் என்று நினைத்தேன்.
ஐஃபான் சிரித்துக்கொண்டிருந்தான்.
முட்டியில் கைகளை ஊன்றி,
குனிந்து, மூச்சு வாங்கி,
அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே
இரண்டு விரலை வாயில் வைத்தான்;
பிறகு ஒரு சொல்:
கோர்வெத்!

கயிறு அறுந்ததுபோல் விழுந்தது நாய்.
புல்லோடு புல்லாய்,
காது மட்டும் நிமிர்ந்து.

ப்ரைஸ் வந்தார். வெல்ஷில் நிறையப் பேசினார்.
என்னை ஒருமுறை பார்த்தார்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
ஆனால் மாலையில், படலுக்கு மேல்,
யாரும் கேட்காத ஆறு முட்டைகள்
ஒரு கம்பளித் தொப்பிக்குள் இருந்தன.
வேகவைக்கத்தான் வழியில்லை.

இரவு. தூண்டில்கோல் முனகியது.
ஈர நாயின் வாசனையில் ஐந்து மூச்சுகள்.
எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நம்பி
மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தேன்:
கோர்வெட்.

"ட் இல்லை," என்றது இருட்டு.
"நாக்கைப் பல்லுக்கு நடுவில் வை."

வைத்தேன். கோர்வெத்.

"இன்னும் கொஞ்சம்."

கோர்வெத்.

ஏற்கெனவே என் காலடியில் படுத்திருந்த மோட்
எழுந்து, தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி,
ஒரு பெருமூச்சு விட்டு,
மறுபடியும் படுத்தது.