நின்று நின்று போகிறவர்

ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரே கடைவரிசை.
பஸ் நிற்கிற இடத்திலிருந்து சந்தை வரைக்கும்
என் வீட்டுக்காரர் நாலு தடவை நிற்பார்.

முதலில் அடகுக்கடை.
அடுத்து ஆ சோங் மருந்துக்கடை,
சாடிக்குள் காய்ந்து கிடக்கும் கடல்குதிரைகள்.
மூன்றாவது ஜோதிமலரின் சேலைக்கடை.
அங்கேதான் அதிக நேரம்.
நாலாவதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றி
லாரி ஓட்டிய மனுஷனுக்குச்
சேலையில் என்ன திடீர் ஆசை?
ஊர் கேட்டது.
நான் கேட்கவில்லை.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.
இரண்டையும் இரண்டையும் கூட்டினேன்.
நாலுதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை
பயற்றங்காய்ப் பையோடு பின்னாலேயே போனேன்.
ஜோதிமலர் உள்ளே யாருக்கோ
விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.
இவர் அவளைப் பார்க்கவில்லை.
சேலையையும் பார்க்கவில்லை.
தூணில் கை ஊன்றி, கண்ணை மூடி,
பின்பக்கச் சதையைப் பிசைந்தபடி
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அறுபது, என்றார் பிறகு.
அறுபது எண்ணினால் வலி இறங்கிவிடும்.
அதுவரைக்கும் எதையாவது பார்க்கிற மாதிரி நிற்கணும்.
இல்லாவிட்டால்
தனபாலனுக்குக் கால் போச்சு என்பார்கள்.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில்
டாக்டர் நூர்ஹயாத்தி, என் மகள் வயசு,
இரண்டு விரலை அவர் தொடை இடுக்கில் வைத்து
நாடி தேடினாள்.
வலப்பக்கம் கொஞ்சம்.
இடப்பக்கம், ம்ஹூம்.
பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தாள்.
தகரக்கூரையில் எங்கோ தூரத்து மழை போல
ஒரு சத்தம் வந்தது,
வந்ததா இல்லையா என்று தெரியாமல்.

மருந்துச்சீட்டின் முதுகில் படம் போட்டாள்.
தொப்புளுக்கு நேரே பெரிய குழாய்
இரண்டாகப் பிரிகிறது,
பையன்கள் மைனா அடிக்கிற கவட்டை மாதிரி.
ஒவ்வொரு கிளையும் இடுப்புக்குள் இறங்கி
மறுபடி பிரிகிறது.
ஒன்று காலுக்கு.
ஒன்று உள்ளே, உட்காரும் சதைக்கு,
அப்புறம்...
பேனா நின்றது.
தலை நிமிராமல் மலாயில் சொன்னாள்.
அவ்வளவு மரியாதையாக அந்தப் பேச்சை
நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.
அவர் காது சிவந்துவிட்டது.

கிளை பிரிகிற இடத்தில் சுண்ணாம்பு.
சிகரெட் கட்டிய சுண்ணாம்பு, இனிப்புநீர் கட்டிய சுண்ணாம்பு.
நடந்தால் சதை ரத்தம் கேட்கிறது,
வழி இல்லை, கத்துகிறது.
நின்றால் கேட்பதை விட்டுவிடுகிறது.
இவ்வளவுதான்.
ஒன்றரை வருஷமாக
ஜோதிமலர் மேல் நான் போட்ட பழியெல்லாம்
விரல் நீளக் குழாய் ஒன்றில்
அடைத்துக்கொண்டிருந்தது.

ஈப்போவில் கம்பிவலை வைத்தார்கள்.
காலையே எடுத்துவிடுவார்களோ என்று
மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன்;
ஊசி போட்ட தழும்புதான் மிச்சம்.
தினமும் நடங்கள், என்றார்கள்,
வலித்தால் நில்லுங்கள், மறுபடி நடங்கள்.
அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், என்றார்.

போன வாரம் சந்தை வரைக்கும் நிற்காமல் போனார்.
ஆ சோங் வெளியே வந்து கத்தினார்:
"பாலா, என்ன கோபம்?"
ஜோதிமலர் என்னைக் கூப்பிட்டு,
அண்ணன் இப்போ திரும்பிக்கூடப் பார்க்கறதில்லையே என்றாள்.
முதல் தடவையாக அவள் கடைக்குள் போனேன்.
பேரம் பேசாமல் ஒரு சாம்பல்நிறப் பருத்திச் சேலை,
அறுபத்தெட்டு வெள்ளி.
எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

அந்த இன்னொரு விஷயம் திரும்புமா
என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன்.
முங்கின், என்றாள்.
இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
அந்த ஒரு சொல்லோடு தினமும் படுக்கிறோம்.
அவர் இப்போது என் பக்கம் திரும்பித்தான்
குறட்டை விடுகிறார்.

நேற்றுத் துவைக்கப் போட்ட சட்டைப் பையில்
ஒரு தீப்பெட்டி.
வாயைத் திறக்குமுன்
தூணைப் பிடித்துக்கொண்டு
அறுபது வரை எண்ணினேன்.

இறங்கவில்லை.