மூன்று புஷ்

கீழக்கரை, ஐஸ் பேக்டரிக்குப் பின்புறம்
ஜாக்கியில் ஏறி நிற்கிறது வண்டி.
அடியில் படுத்திருக்கும் ஜக்கரியாவின்
கால்கள் மட்டும் பேசுகின்றன:
"பின்னாடி ரெண்டும் கிழிஞ்சிருச்சு.
முன்னாடி ஒண்ணு இருக்கு. அதுவும் நாள் எண்ணுது."

டிஃப்ரன்ஷியலைப் பிடித்துக் கிடக்கும் ரப்பர்.
உள்ளங்கையில் அடங்குகிற வட்டம்.
பதினாறு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டரைக்
குலுங்காமல் கிளினிக்கில் இறக்கிவிட்டிருக்கிறது.
நாங்கள் வாங்கி ஒன்பதே மாதம்,
கிளட்சை உதறி உதறி
வாய் பிளக்க வைத்துவிட்டோம்.

பச்சை விளக்கு எரிந்ததும் நடப்பது
ஓட்டுகிற என் முதுகுக்குத் தெரியும்.
டயர் உடனே தரையைக் கடிப்பதில்லை.
முதலில் அந்த இரும்புக் கூடு மூக்கைத் தூக்கும்,
ரப்பர் நசுங்கும், திரும்பும், மறுபடி நசுங்கும்,
பின்சக்கரம் தவளையாய்த் தத்தும்.
தத்தி முடிப்பதற்குள் பக்கத்து லேன்காரனின்
நம்பர் பிளேட்டை நான் படித்துக்கொண்டிருப்பேன்.
நானூறு மீட்டர். பதின்மூன்று புள்ளி ஒன்று.

பன்னிரண்டில் தொடங்குகிற ஒரு எண்.
வேறொன்றும் கேட்கவில்லை.

பெஞ்சு மேல் மூன்று வகை.
புது ரப்பர், கம்பெனி அட்டைப்பெட்டியில், பவுடர் வாசனையோடு.
பாலியூரித்தேன், ஜவ்வுமிட்டாய்ச் சிவப்பில்.
அலுமினியம், சந்தியாகு தன் லேத்தில் கடைந்தது,
பிசிறு எடுத்து, துணியில் சுற்றி,
கல்யாண மோதிரம் போலக் கொண்டுவந்தான்.
"இதப் போட்டா அசையவே அசையாது."

"அது அசையலேன்னா வேற எதாச்சும் அசையும்"
என்றான் ஜக்கரியா, வெளியே வந்து கை துடைத்தபடி.
"முறுக்கு எங்கயாவது போயித்தான ஆகணும்?
மேல இருக்கறது தகடு. கிழியும்.
இந்த உப்புக் காத்துல, இரும்புக்குள்ள அலுமினியம்
ஒரு கச்சான் தாங்காது,
வெள்ளையாப் பூத்துப் பூட்டிக்கும்.
அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்."

டிரெய்லர் வாடகைக்குக் காசில்லை எங்களுக்கு.
பந்தயத்துக்கு இதிலேயே போகிறோம்:
ராத்திரி முழுக்க ஓட்டிப் போய்
பகலில் பதின்மூன்று நொடி ஓட்டி
ராத்திரி முழுக்க ஓட்டித் திரும்புவது.

இருந்தும் அலுமினியத்தையே போடச் சொன்னேன்.
ஒரு ராத்திரிக்கு.

ஏர்வாடி தாண்டி, வாலிநோக்கம் விலக்கு தாண்டி
உப்பளங்களுக்கு நடுவே ஆளில்லாத ரோடு.
நிறுத்தி, எஞ்சினை ஏற்றி, விட்டேன்.
தத்தல் இல்லை.
யாரோ பிடரியில் கை வைத்துத் தள்ளியது மாதிரி
போனது வண்டி. சிரித்துவிட்டேன், தனியாக.

எண்பதில் காலை எடுத்தேன்.
அப்போதுதான் கேட்டது,
முதுகுக்குப் பின்னால், மெலிதாக, ஒரு ஊளை.
மிதித்தால் அடங்கியது. விட்டால் எழுந்தது.
ஜன்னலை ஏற்றினேன். இருந்தது.
கடல் பக்கம் வண்டியைத் திருப்பினேன். இருந்தது.

"பினியன் பேரிங்" என்றான் ஜக்கரியா, போனில்,
நான் அதை வாயால் ஊதிக் காட்டியதும்.
"எப்பவோ போயிருக்கணும்."

ஒன்பது மாதமாக எனக்குக் கீழே
அது ஊளையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
ரப்பர் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதுதான் அதன் உத்தியோகம்,
டாக்டருக்கும் சொல்லியிருக்காது.

பந்தய நுழைவுக் கட்டணம் பேரிங்காக மாறியது.
தை மாத ஓட்டம் போச்சு.
கூட்டைத் திறந்தபோது எண்ணெயில்
மீன் செதில் போல இரும்புத் தூள் மிதந்தது.
சந்தியாகு எட்டிப் பார்த்துவிட்டு
தன் அலுமினியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்,
கோபமில்லை, ஆனால் டீ குடிக்காமல் போனான்.

இப்போது பின்னால் சிவப்பு, முன்னால் புது ரப்பர்.
மேட்டில் ஏறி இறங்கினால் சிவப்பு முனகுகிறது,
ஐஸ் பேக்டரி நாய் தலை தூக்கிப் பார்க்கிறது.
எண் என்னவென்று இன்னும் தெரியாது.

"சத்தம் வருதா?" என்கிறான் ஜக்கரியா.
"வருது."
"எந்தச் சத்தம்?"
ரேடியோவை அணைத்துவிட்டு
மறுபடி ஏர்வாடிப் பக்கம் கிளம்புகிறேன்.