ஈரம் பார்த்தல்

திருப்பாலைக்குடிக்கு மேற்கே, உப்பளத்துக்குப் பின்பக்கம்
சீனி இபுறாமின் ஒண்ணேகால் ஏக்கர்.
காலை மணி ஆறு. வண்டியை வரப்பில் ஏற்றாமல் நிறுத்தினேன்.
முந்தாநாள் கணக்கில் இல்லாத சித்திரை மழை.
"மணிக்கு ஆயிரத்து இருநூறு, இந்தா பிடி,
இன்னைக்கே புரட்டிப் போட்டுரு" என்கிறார்.

இறங்கி ஒரு பிடி மண்ணெடுத்து இறுக்கினேன்.
ஐந்து விரலும் பதிந்தன.
இடுப்புயரத்திலிருந்து விட்டேன்.
உதிரவில்லை.
சப்பையாகி உட்கார்ந்துகொண்டது,
வட்டி வாங்க வந்தவன் மாதிரி.

"நாலு நாள் போகட்டும்."
அவர் என்னைப் பார்க்கவில்லை,
வண்டியைப் பார்த்தார்.
பொம்பளை ஓட்டினா இப்படித்தான் என்று
யாரிடமோ போனில் சொல்லப்போகிற முகம்.

அப்போதுதான் கிளாட்வினின் குரல் பதிவு வந்தது.
கனடாவில் அவனுக்கு நேற்றைய சாயங்காலம்.

"அக்கா, மேல நாலு விரக்கடைதான் இளகியிருக்கு.
அடியில இன்னும் பாறையாட்டம் பனி.
உருகின தண்ணி எறங்க வழியில்லாம
மேலயே நிக்குது.
மொதலாளியம்மா கம்பி மாதிரி ஒன்ன மண்ணுல குத்தி
பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி குனிஞ்சு நிக்குது.
மூணு டிகிரியாம். பத்தாதாம்.
போன வருசத் தாளை அப்படியே விட்டிருக்காங்க, பனியப் பிடிச்சு வைக்க.
தாள் மூடின எடம் குளுந்தே கெடக்கு, வெதை மொளைக்காது.
புரட்டின எடம் கருப்பா சீக்கிரம் சூடாகுது,
காத்து அள்ளிட்டுப் போயிருது.
எது சரின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும்
பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க.
நான் கல் பொறுக்குறேன்.
வருசா வருசம் பனி உந்தி உந்தி
புதுசா கல்லு மேல வருது அக்கா.
போன வருசம் இதே எடத்துல பொறுக்கினேன்."

அங்கே நிலத்துக்குக் கல்.
இங்கே உப்பு.
மிளகாய்ச் செடி பிடுங்கியபின் சும்மா விட்டால்
வெயில் உறிஞ்ச உறிஞ்ச
மண்ணுக்குள் ஓடும் நூல்வழியே ஏறி வரும்.
பங்குனியில் காலடியில் நொறுங்கும்.
சித்திரையில் வரப்போரம் வெள்ளையாய்ப் பொரியும்.
அந்த நூலை அறுக்கத்தான் கோடை உழவு.
மேலாக்க அறுத்தால் போதும்.
ஆழமாய்ப் போனால்
அடியில் கிடக்கும் உப்புக் களியை
நாமே கைபிடித்து அழைத்து வந்ததாகும்.

ஒருமுறை அழைத்து வந்திருக்கிறேன்.
உப்பூரில், சவேரியம்மா நிலம்.
கலப்பையை ஒரு சாண் கூட இறக்கினேன், நல்லது செய்வதாக.
இரண்டு வருசம் நாற்று நுனி கருகி நின்றது.
அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
இன்னும் அந்த வழியாக நான் போவதில்லை.

ஈரத்தில் இறங்கினால் அது வேறு கூத்து.
டயர் மிதித்த தடம் அடியில் தட்டாய் இறுகும்.
ஐப்பசி மழை அதன்மேல் நிற்கும்.
அங்கே பனி செய்கிற வேலையை
இங்கே என் வண்டி செய்யும்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு.

ஒன்பது மணிக்கு வேறு வண்டி சத்தம் கேட்டது.
பாதி நிலம் உழுதிருக்கிறான், பிறகு டயர் புதைந்து நின்றுவிட்டதாம்.
நாலாம் நாள் போய்ப் பார்த்தேன்.
உழுத பாதி கட்டி கட்டியாய்
செருப்புத் தோல் போல மினுங்கியது.
சீனி இபுறாம் குடையை மடக்கி
மற்ற பாதியைக் காட்டினார். பேசவில்லை.
எனக்கும் பேச ஒன்றுமில்லை;
ஐந்தாம் தேதி தவணை.

ஒரு பிடி எடுத்தேன். இறுக்கினேன். விட்டேன்.
மூன்றாய் உடைந்து, பிறகு பொலபொலவென்று.
கலப்பையை இறக்கினேன், அரைச் சாண்.

மத்தியானம் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான்.
கையுறை கழற்றிய உள்ளங்கை,
குளிரில் சிவந்து, வெடித்து.
நடுவில் கருப்பு மண் உருண்டை,
அவன் ஐந்து விரலும் அதில்.

"போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.
ஒரு டிக்.
அங்கே நடுராத்திரி.